ஒரே ஒரு தூண்டில்... உலக சாதனை!

அதிக விலை கொடுத்து வாங்கிய தூண்டிலில்தான் பெரிய மீன் மாட்டும் என்று நினைக்கிறீர்களா? அப்படியானால் இதைப் படியுங்கள்.

1932ம் ஆண்டு ஜூன் 2ம் தேதி. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மழை பெய்ததால் வயலில் உழ முடியவில்லை. ஜார்ஜ் பெர்ரி என்ற இளம் விவசாயி, நண்பர் ஒருவரை அழைத்துக்கொண்டு மாண்ட்கோமரி ஏரிக்கு மீன் பிடிக்கக் கிளம்பினார். இரண்டு பேருக்கும் சேர்த்து இருந்தது ஒரே ஒரு தூண்டில்! இரையும் ஒன்றே ஒன்றுதான். அதுவும் நிஜ மீன் அல்ல, போலி மீன். இருவரும் மாற்றி மாற்றி வீசினார்கள்.

பெர்ரியின் முறை வந்தபோது, 'பாஸ்' என்ற மீன் மாட்டியது. எடை எவ்வளவு தெரியுமா? சுமார் 10 கிலோ 90 கிராம்! ஒரு பத்திரிகை நடத்திய போட்டியில் அந்த மீனுக்காக 75 டாலர் மதிப்புள்ள பொருட்கள் பரிசாகக் கிடைத்தன. மீன் என்ன ஆயிற்று என்கிறீர்களா? வீட்டில் சமைத்துச் சாப்பிட்டு விட்டார்கள்!

77 ஆண்டுகள் இந்தச் சாதனையை யாராலும் எட்ட முடியவில்லை. 2009ம் ஆண்டு ஜூலை 2ம் தேதி, ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிடா என்பவர் பிடித்த மீன், அதைவிட 30 கிராமுக்கும் குறைவான எடை கூடுதலாக இருந்தது. ஆனால், குறைந்தது 2 அவுன்ஸ், அதாவது சுமார் 57 கிராம் கூடுதலாக இருந்தால்தான் இந்தச் சாதனை முறியும் என்பது விதி. அதனால் இருவரும் சம சாதனையாளர்கள் ஆனார்கள்.

அப்படியானால், எந்தத் தூண்டிலாக இருந்தாலும் போதுமா? போதாது! கம்பு, ரீல், நரம்பு, முள் ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். விலையைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

முதலில் மீனைத் தெரிந்து கொள்வோம்

இந்த பாஸ் மீனுக்கு வாய் மிகப் பெரியது. வாயை மூடினாலும் மேல்தாடை கண்ணையும் தாண்டி நீண்டிருக்கும். இதன் சொந்த ஊர் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி. நீர்ச்செடிகளுக்கு நடுவிலும், மூழ்கிக் கிடக்கும் மரங்களுக்கு அடியிலும் ஒளிந்திருக்கும். இரை அருகில் வந்ததும் 'லபக்'கென்று விழுங்கும். முள்ளில் மாட்டினால் தலையை உதறும், தண்ணீருக்கு மேலே துள்ளும், மறுபடி செடிகளுக்குள் ஓடப் பார்க்கும். இத்தனைக்கும் ஈடுகொடுக்கும் தூண்டில்தான் வேண்டும்.

கம்பு: வளைவதா, விறைப்பானதா?

கண்ணாடி இழைக் கம்பு நன்றாக வளையும், எளிதில் உடையாது. புதிதாகப் பழகுபவர்களுக்கு ஏற்றது. கார்பன் இழைக் கம்பு எடை குறைவு. மீன் லேசாகத் தொட்டால்கூட கையில் தெரியும். ஆனால், கல்லில் மோதினால் விரிசல் விடலாம்.

கைப்பிடிக்கு மேலே சிறிய எழுத்தில் சில எண்கள் அச்சிட்டிருப்பார்கள். இந்தக் கம்புக்கு எவ்வளவு பலமான நரம்பு, எவ்வளவு எடையுள்ள இரை பொருந்தும் என்பதை அவை சொல்லும். விறைப்பான கம்பில் மெல்லிய நரம்பைக் கட்டினால் நரம்பு அறுந்து விடும். மெல்லிய கம்பில் மிகத் தடித்த நரம்பைக் கட்டினால் கம்பே உடையலாம்.

ரீல்: குண்டு கம்பெனியின் கண்டுபிடிப்பு!

நரம்பைச் சுற்றி வைக்கும் ரீலில் மூன்று வகை உண்டு. மூடி போட்டது முதல் வகை. பொத்தானை அழுத்தி விட்டால் நரம்பு பாயும். சிறுவர்களுக்கு இதுதான் எளிது.

அமெரிக்காவின் டல்சா நகரில், எண்ணெய்க் கிணறுகளுக்கு வெடிகுண்டு செய்யும் 'ஜீரோ ஹவர் பாம் கம்பெனி' என்ற நிறுவனம் இருந்தது. கைக்கடிகாரம் பழுது பார்க்கும் ஆர்.டி. ஹல் என்பவர், கடையில் பொட்டலம் கட்டுபவர் நூல்கண்டில் இருந்து நூலை உருவுவதைக் கவனித்தார். கண்டு சுற்றவே இல்லை, நூல் மட்டும் சிக்கல் இல்லாமல் வந்தது! அதே முறையில் ரீல் செய்தால் என்ன என்று யோசித்து, இந்த நிறுவனத்திடம் போனார். 1949ல் ரீல் விற்பனைக்கு வந்தது. நிறுவனத்தின் பெயரும் 'ஜெப்கோ' என்று சுருங்கியது.

இரண்டாவது வகை மூடி இல்லாத, கம்புக்கு அடியில் தொங்கும் ரீல். லேசான இரையையும் தூரமாக வீச இது உதவும். மூன்றாவது வகையில் உருளையே சுழலும். தேர்ந்தவர்கள் சொன்ன இடத்தில் இரையைப் போடுவார்கள். பழக்கம் இல்லாதவர் வீசினால், உருளை வேகமாகச் சுற்றி, நரம்பு குருவிக்கூடு மாதிரி சிக்கிக் கொள்ளும்!

நரம்பு: மூன்றில் எது?

நம் ஊரில் தங்கூஸ் என்பார்களே, அந்த நைலான் நரம்பு விலை குறைவு. இழுத்தால் நீளும். அதனால் மீன் திடீரென்று உதறினாலும் அதிர்ச்சியைத் தாங்கும். நைலான் உலகுக்கு அறிமுகமானது 1938ல்தான். பெர்ரி மீன் பிடித்த நாளில் நைலான் நரம்பே கிடையாது!

புளோரோகார்பன் நரம்பு தண்ணீருக்குள் மூழ்கும், மீனின் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. பின்னல் நரம்பு மெல்லியதாக இருந்தாலும் மிகவும் பலமானது. இழுத்தால் நீளாது. செடிகள் அடர்ந்த இடத்துக்கு ஏற்றது. ஆனால், தெளிந்த நீரில் பளிச்சென்று தெரியும்.

இப்போது ஒரு சோதனை. ஒரே அளவில் இரண்டு தையல் நூல் எடுங்கள். ஒன்றின் நடுவில் முடிச்சுப் போடுங்கள். நுனிகளை இரண்டு பென்சில்களில் ஏழெட்டுச் சுற்று சுற்றி, மெதுவாக இழுங்கள். முடிச்சுள்ள நூல் எங்கே அறுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் முடிச்சில்தான்! அதனால்தான் மீன் பிடிப்பவர்கள் நரம்பின் விலையைவிட முடிச்சில் அதிகக் கவனம் வைக்கிறார்கள். நைலான் முடிச்சை நனைத்து இறுக்கினால் உராய்வுச் சூடு குறையும்.

முள்ளும் ஈயமும்: உயிர் விஷயம்

1972ல் அமெரிக்காவில் ரே ஸ்காட் என்பவர் நடத்திய பாஸ் போட்டிகளில், பிடித்த மீனைக் கொல்லாமல் ஏரியிலேயே விடும் வழக்கம் தொடங்கியது. அதன்பிறகு தூண்டிலை ஒப்பிடும்போது இன்னொரு கேள்வியும் சேர்ந்து கொண்டது. 'மீன் மாட்டுமா?' என்பதோடு, 'காயம் அதிகம் இல்லாமல் விட முடியுமா?' என்றும் பார்க்க வேண்டும்.

தூண்டில் முள்ளின் நுனிக்குக் கீழே ஒரு சின்னக் கொக்கி இருக்கும். அது இல்லாத முள்ளை, மீனின் வாயில் இருந்து சுலபமாகக் கழற்றலாம். நரம்பு மிக மெல்லியதாக இருந்தால், மீன் நெடுநேரம் போராடிக் களைத்துவிடும். விட்ட பிறகும் பிழைப்பது கடினம்.

நரம்பில் கட்டும் ஈயக்குண்டு இன்னும் ஆபத்து. லூன் என்ற நீர்ப்பறவை, இரையை அரைக்கச் சிறு கற்களை விழுங்கும். கல் என்று நினைத்து ஒரே ஒரு ஈயக்குண்டை விழுங்கினாலும் விஷமாகி இறந்து விடும். அதனால் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் சிறிய ஈயக்குண்டுகளுக்குத் தடை போட்டது. டங்ஸ்டன், தகரம், எஃகில் செய்த குண்டுகள் அங்கே பயன்படுகின்றன.

ஊருக்கு ஊர் விதியும் மாறும். ஜப்பானுக்கு பாஸ் மீன் 1925ல் அமெரிக்காவில் இருந்து வந்தது. அங்குள்ள சொந்த மீன்களை அது தின்று தீர்த்ததால், பிவா ஏரியில் பிடித்த பாஸை மறுபடி ஏரியில் விடவே கூடாது! அமெரிக்காவில் பாராட்டப்படும் செயல், அங்கே தவறு.

வாங்கும் முன் கேளுங்கள்

* எந்த மீன், எந்த மாதிரித் தண்ணீர்?
* கம்பில் உள்ள எண்ணோடு நரம்பும் இரையும் பொருந்துகிறதா?
* இந்த ரீலை என் கையால் சுலபமாகக் கையாள முடியுமா?
* முள்ளும் குண்டும் மற்ற உயிர்களுக்குத் தீங்கு செய்யாதவையா?

முக்கியமான விஷயம் குட்டீஸ்! ஏரி, குளம் பக்கம் பெரியவர்கள் துணையில்லாமல் போகவே கூடாது. அறுந்த நரம்பைக் கரையில் வீசாமல் சுருட்டி எடுத்து வாருங்கள். பறவைகளின் காலில் அது சிக்கினால், அவற்றால் அவிழ்க்கத் தெரியாது!