பொருளடைவில் நேரும் பிழைகள்: காரணமும் திருத்தமும்

தொழில்நுட்பக் கையேட்டை முதற்பக்கம் தொடங்கி இறுதிவரை படிப்பவர் அரியர். மின்தூக்கியின் கதவு பாதியில் நின்றுவிட்டால், அதனைச் சரிசெய்ய வந்தவர் கையேட்டின் இறுதியிலுள்ள பொருளடைவைப் புரட்டிக் 'கதவு' என்னும் சொல்லைத் தேடுகின்றார். அங்கே அச்சொல் இல்லையெனில், அச்செய்தியே நூலில் இல்லையென்று முடிவுசெய்து தம் அனுபவத்தை நம்பிச் செயற்படுகின்றார். நூலாசிரியர் பாதுகாப்பு முறைகளைப் பல பக்கங்களில் விளக்கியிருந்தும் பயனில்லை. ஆதலின் அடைவில் நேரும் பிழையை அச்சுப்பிழைபோல் எளிதாகக் கருதுதல் கூடாது.

சொற்களை அகர வரிசையில் அடுக்கித் தருவது தமிழுக்குப் புதியதன்று. 1594ஆம் ஆண்டில் தோன்றிய அகராதி நிகண்டு சொற்களை முதலெழுத்தின் வரிசையில் அமைத்தது. 1732இல் வீரமாமுனிவர் இயற்றிய சதுரகராதி அம்முறையை விரிவாக்கியது. உ.வே. சாமிநாதையர் தம் பதிப்புகளில் அரும்பத அகராதியைச் சேர்த்துப் படிப்போர்க்கு வழிகாட்டினார். இவையெல்லாம் கையால் தொகுக்கப்பட்டவை. எச்சொல் எங்கே அமைய வேண்டும் என்பதை மனிதர் முடிவுசெய்தனர்.

இன்று இப்பணியின் ஒரு பகுதியைக் கணினி செய்கின்றது. ஆசிரியர் உரிய இடங்களில் அடைவுக்குறிகளை இடுகின்றார். நிரல் அக்குறிகளைத் திரட்டி, வரிசைப்படுத்தி, பக்க எண்களைச் சேர்த்துத் தருகின்றது. ஆனால், நிரல் அறிந்தது எழுத்துகளின் குறியெண்களை மட்டுமே. எனவே அடைவு பிழைபடும்போது, பிழை எழுத்து நிலையிலா, சொல் நிலையிலா, பொருள் நிலையிலா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். நிலையறியாமல் செய்யும் திருத்தம் அடுத்த பதிப்பில் அழிந்துபோகும்.

1. எழுத்து நிலை

மரம், மலை, மழை, மறம், மனம் ஆகிய ஐந்து சொற்களை எடுத்துக்கொள்வோம். நம் நெடுங்கணக்கின்படி இவை இவ்வரிசையிலேயே அமையும். குறியெண்களை மட்டும் ஒப்பிடும் நிரலோ மனம், மரம், மறம், மலை, மழை என அடுக்கும். யூனிகோடு அட்டவணையில் னகரம் நகரத்தையும், றகரம் ரகரத்தையும் அடுத்து நிற்பதே இதற்குக் காரணம். இறுதியில் வரவேண்டிய மனம் முதலில் வந்துவிடுகின்றது. அவ்வாறே ஜகரம் சகரத்தை அடுத்து நிற்பதால், னகரத்திற்குப் பின் வரவேண்டிய 'ஜன்னல்' இடையில் புகுந்துவிடும்.

மெய்யெழுத்தின் நிலை இதனினும் சிக்கலானது. 'க்' என்பது ககரமும் புள்ளியும் சேர்ந்த இரு குறியெண்களாகச் சேமிக்கப்படுகின்றது. புள்ளியின் குறியெண் உயிர்க்குறிகளின் எண்களைவிடப் பெரியது. ஆகவே அக்கா, அகம், அகல், அகில் என வரவேண்டிய சொற்கள் அகம், அகல், அகில், அக்கா எனத் தலைகீழாகின்றன.

இதனைக் கையால் இடம்மாற்றித் திருத்துதல் வீண்முயற்சியாகும். அடைவை மீண்டும் உருவாக்கியதும் பழைய வரிசையே திரும்பும். யூனிகோடு கூட்டமைப்பின் மொழித்தரவுத் தொகுப்பில் தமிழுக்குரிய வரிசை விதி உள்ளது. நிரல் அவ்விதியைப் பயன்படுத்துமாறு மொழித் தேர்வில் தமிழைக் குறிக்க வேண்டும். அவ்வசதி இல்லாத நிரல்களில் வரிசைக்கெனத் தனிச் சாவி தரலாம். சான்றாக, மேக்இண்டெக்ஸ் என்னும் நிரலில் '@' குறிக்கு முன் எழுதுவது வரிசைக்கு உரியது. பின் எழுதுவது அச்சுக்கு உரியது.

ஒரே சொல் இருமுறை வருவதும் எழுத்து நிலைப் பிழையே. 'பொ' என்பதிலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் சேமிக்கலாம். கொம்பு, கால் என இரு குறியெண்களாகவும் சேமிக்கலாம். தாளில் இரண்டும் ஒன்றே. ஆயின் 'பொறி' என்னும் சொல் ஒருமுறை தன் இடத்திலும், மற்றொருமுறை பெகரச் சொற்களின் இறுதியிலும் தோன்றக்கூடும். யூனிகோடு இயல்பாக்கம் செய்தால் இவ்வேறுபாடு நீங்கும். ஆனால், ஔகாரத்தின் இடத்தில் ஒகரத்தையும் ளகரத்தையும் தட்டெழுதியிருந்தால் இயல்பாக்கத்தால் பயனில்லை. கணினிக்கு அவை இரண்டும் வெவ்வேறு சொற்கள். 'ஔடதம்' போன்ற சொற்களை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தவேண்டும்.

யூனிகோடு பரவுமுன் பயன்பட்ட சில பழைய குறியேற்றங்களில் கொம்பு, மெய்க்கு முன்னரே சேமிக்கப்பட்டது. அத்தகைய ஆவணங்கள் சரிவர மாற்றப்படாவிடின் அவற்றின் தலைச்சொற்கள் இடம் தவறிச் சிதறும்.

2. சொல் நிலை

ஆவணத்தில் கண்ட வடிவத்தையே தெரிவுசெய்து அடைவுக்குறி இட்டால் கதவின், கதவு, கதவுகள், கதவை, கதவைத் என ஐந்து பதிவுகள் உருவாகும். கடைசிப் பதிவிலுள்ள தகர ஒற்று, அடுத்து நின்ற சொல்லால் வந்த சந்தி. அடைவில் அதற்கு இடமில்லை. தமிழ் ஒட்டுநிலை மொழியாதலால், பெயரை எழுவாய் வடிவிலும் வினையைத் தொழிற்பெயர் வடிவிலும் தருவது நன்று. 'பொருத்துக', 'பொருத்தியபின்', 'பொருத்தும்' ஆகிய மூன்றும் 'பொருத்துதல்' என்னும் ஒரே பதிவின்கீழ் அடங்கும்.

'மின்தூக்கி', 'மின் தூக்கி' என இடைவெளி வேறுபட்டாலும் இரு பதிவுகள் தோன்றும். சொல்லின் இறுதியில் அறியாமல் விட்ட வெற்றிடமும், பிற இடங்களிலிருந்து படியெடுக்கும்போது வந்து ஒட்டிய கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறியும் இவ்விளைவையே தரும். எழுதத் தொடங்குமுன் கலைச்சொற்பட்டியல் ஒன்றை வகுத்து, அடைவுக்குறிகளை அதிலிருந்தே எடுப்பது தக்க வழி.

3. பொருள் நிலை

முன்னிரு நிலைகளும் செம்மையாக இருந்தும் அடைவு பயனற்றுப் போகலாம். ஆசிரியர் 'மின்தூக்கி' என்று எழுத, படிப்பவர் 'லிப்ட்' என்று தேடலாம். ஆசிரியர் 'கசிவு' என, மற்றவர் 'ஒழுக்கு' எனலாம். பலமொழிச் சூழலில் வாழும் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்க்கு இது நாளும் நேர்வது. 'ஒழுக்கு: கசிவு காண்க' என்னும் ஒருவரி இவ்விடைவெளியை நிரப்பும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: 'காண்க' எனச் சுட்டப்பட்ட இடத்தில் பதிவு உண்மையிலேயே இருக்க வேண்டும், அது மீண்டும் முதற்சொல்லையே சுட்டுதல் கூடாது.

மின்தூக்கிக் கையேட்டில் எல்லாவற்றையும் 'மின்தூக்கி' என்னும் தலைச்சொல்லின்கீழ்த் தொகுத்தால் எதுவும் கிடைக்காது. நூல் முழுவதும் அதனைப் பற்றியதே. 'கதவு: திறக்காமை', 'கதவு: உணர்கருவியைத் துடைத்தல்' எனத் தேடுவோரின் தேவையிலிருந்து உட்பதிவுகளை அமைத்தல் வேண்டும்.

கணினித் திரையில் படிக்கும் உதவிப் பக்கங்களில் தேடுபெட்டி இருக்க, அடைவு எதற்கு என்று சிலர் வினவுவர். எழுத்துத்தொடரை மட்டும் ஒப்பிடும் தேடலில் 'கதவு' என்று இட்டால் 'கதவுகள்' கிடைக்கும். 'கதவை' கிடைக்காது, ஏனெனில் அங்கே இறுதி உகரம் கெட்டுவிட்டது. 'அழுத்தம்' என்று தேடினால் 'அழுத்தத்தை' அகப்படாது. மேலும், தேடல் ஒரு சொல் வரும் இடங்களையெல்லாம் காட்டும். அதனை விளக்கும் இடத்தை நல்ல அடைவே காட்டும்.

4. பக்க எண்கள்

வரிசையும் சொல்லும் சரியாக இருந்து பக்க எண் மட்டும் தவறினால் காரணம் எளியது. வேர்ட் செயலியில் மறைகுறிகளைத் திரையில் காட்டிய நிலையில் அடைவை உருவாக்கினால், அக்குறிகள் இடம்பிடித்துப் பக்கங்களை நகர்த்திவிடும். அவற்றை மறைத்தபின், பக்க அமைப்பு முடிந்த பிறகு அடைவைப் புதுப்பிக்க வேண்டும். அச்செயலி முக்காற்புள்ளியை உட்பதிவின் எல்லையாகக் கொள்வதால் '1:2' போன்ற விகிதங்கள் இரண்டாகப் பிளவுபடுவதும் உண்டு.

செய்துபார்க்க

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதாகச் சோதிக்கலாம். மேலே கூறிய மரம் முதலிய ஐந்து சொற்களுடன் அக்கா, அகம், அகில், ஜன்னல் ஆகியவற்றையும், இருவகையாகத் தட்டெழுதிய 'பொறி'யையும் ஓர் ஆவணத்தில் இட்டு அடைவை உருவாக்கச் செய்க. பிழைகளை மாணவரே கண்டு, அவை எந்நிலைக்கு உரியவை எனப் பிரிக்கட்டும். நெடுங்கணக்கு, புணர்ச்சி, வேற்றுமை ஆகிய பாடங்கள் தேர்வுக்கு அப்பாலும் பயன்படுவதை அவர்கள் நேரில் உணர்வர்.

பெரிய ஆவணமாயின், முதல் அத்தியாயம் முடிந்தவுடனேயே சோதனை அடைவு ஒன்றை உருவாக்கிப் பார்த்துவிடுவது நலம். எழுத்து நிலைப் பிழைகளை நிரலின் அமைப்பிலும், சொல் நிலைப் பிழைகளைக் கலைச்சொற்பட்டியலிலும் அப்போதே திருத்திவிடலாம். பொருள் நிலைப் பிழைகளை அறிய, நூலைப் படிக்காத ஒருவரிடம் அடைவை மட்டும் கொடுத்து, அவருக்கு வேண்டிய செய்தி ஒன்றைத் தேடச் செய்க. அவர் முதலில் எச்சொல்லைப் புரட்டுகின்றாரோ, அச்சொல் அடைவில் இருந்தாக வேண்டும்.