இருப்புப்பாதைக் கடியாரத்தைப் பரீட்சித்தல்

மான்ட்ரியலுக்கு மேற்கே ஏரிக்கரை ஊராகிய டோர்வலில் நின்று பார்த்தால், 1856-ல் டொரான்டோ வரையில் திறக்கப்பட்ட பழைய கிராண்ட் ட்ரங்க் பாதையும், அதற்குப் போட்டியாகப் பின்னால் வந்த கனேடியன் பசிபிக் பாதையும், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகளின் வீடுகளைப் போல ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடப்பதைக் காணலாம். ஒரு காலத்தில் இத்தகைய பாதைகளில் பிரயாணம் செய்தவர்களின் உயிர், எஞ்சின் டிரைவரின் சட்டைப் பையிலிருந்த கடியாரத்தை நம்பியே இருந்தது.

கனேடியன் பசிபிக்கின் தலைமைப் பொறியாளராக இருந்த சாண்ட்ஃபோர்ட் ஃப்ளெமிங் போன்றவர்கள் பல வருஷங்கள் வாதாடியதன் பயனாக, 1883 நவம்பர் 18-ல் வட அமெரிக்க ரயில்வேக்கள் பொது நேரத்தை ஏற்றுக்கொண்டன. ஆனால் நேரம் ஒன்றானால் போதுமா, அதைச் சுமக்கும் கடியாரமும் யோக்கியமாக இருக்க வேண்டாமா? 1891-ல் ஓஹாயோ மாகாணத்தின் கிப்டனில் இரண்டு ரயில்கள் மோதியதற்கு, நான்கு நிமிஷம் நின்றுவிட்டுத் தானே மீண்டும் ஓடிய ஒரு கடியாரமே காரணம் என்று சொல்லப்பட்ட பிறகு, விதிகள் படிப்படியாகக் கடுமையாயின. வாரத்துக்கு 30 விநாடிக்கு மேல் பிசகலாகாது. குறைந்தது 17 ஜுவல் (கல் தாங்கி) வேண்டும். சாவி 12-க்கு நேர் மேலே இருக்க வேண்டும். முகப்புக் கண்ணாடியின் வளையத்தைத் திருகிக் கழற்றி, உள்ளே ஒளிந்திருக்கும் சிறு நெம்புகோலை இழுத்தாலன்றி முள் நகரலாகாது. சாவி கொடுக்கும்போது கை தவறி நேரம் மாறிவிடாதிருக்கவே இந்தக் கடைசி ஏற்பாடு.

அந்தக் கடியாரங்கள் இன்று பழம்பொருள் கடைகளிலும் வீட்டுச் சாமான் விற்பனைகளிலும் தலைகாட்டுகின்றன. வாங்கப் போகிறவர் பளபளப்பைக் கண்டு மயங்குவது சகஜம். எனக்கோ அதுவே முதல் சந்தேகம். திருப்பணி என்ற பெயரில் மணலை வீசிச் சுத்தம் செய்யப்பட்ட கோயில் தூண்களில் உளியின் கூர்மை மழுங்கிப் போவதைப் பார்த்தவர்களுக்கு, மெருகேற்றிய கேஸில் செதுக்குவேலைகளும் விளிம்புகளும் கரைந்திருப்பதன் துக்கம் தெரியும். பித்தளைத் தகட்டின் இருபுறமும் தங்கத்தகடு பற்றவைத்த கேஸ்களில், விளிம்பு தேய்ந்து பித்தளை மஞ்சளாக எட்டிப் பார்ப்பது குறைதான். ஆயினும் ஒளிவுமறைவில்லாத குறை.

கேஸிலும் உள்ளே ஓடும் மிஷினிலும் பொறித்த எண்கள் வேறுபடுவதைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. வால்த்தம் முதலிய அமெரிக்கக் கம்பெனிகள் நெடுநாள் மிஷினை மட்டுமே விற்க, வாங்குபவர் கேஸைக் கடையில் தனியாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். ஆகவே வயதைச் சொல்வது மிஷினின் எண்ணே. அஞ்ச வேண்டியது வேறு: மிஷினைப் பிடித்திருக்கும் திருகாணிகள் கேஸின் உட்புறத்தில் பதித்த தழும்பு, இப்போதுள்ள திருகாணிக்கு நேராக ஒன்றும் சற்றுத் தள்ளி இன்னொன்றுமாக இருக்குமானால், அந்தக் கேஸ் முன்பு வேறொரு மிஷினுக்கு வாழ்க்கைப்பட்டிருந்தது என்று அர்த்தம். முகப்பு மூடியில்லாத திறந்த கேஸில் சாவி 3-க்குப் பக்கத்தில் இருந்தால், மூடியுள்ள கேஸுக்காகச் செய்த மிஷினைப் பெரும்பாலும் பிற்பாடு யாரோ அதில் புகுத்தியிருக்கிறார்கள்.

டயல் இன்னும் நுட்பமான விஷயம். செப்புத் தகட்டின்மேல் எனாமலை உருக்கிச் சுட்ட வெள்ளை டயலில் மயிரிழை விரிசல் இருப்பதும், அழுக்கை நீக்கி அதை மறைப்பதும் சாதாரணம். சாய்ந்த வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் அது வெளிப்படும். கனேடியன் பசிபிக்கின் மேற்குப் பகுதிகள் 1886 முதல் 24 மணிக் கணக்கை ஏற்றதால், 13 முதல் 24 வரை உள்வளையத்தில் அச்சிட்ட டயல்களுக்கு மதிப்பு அதிகம்; மதிப்பு அதிகமாகையால் அவற்றை மாற்றிப் பொருத்துவதும் உண்டு. நம் ஊரில் எச்.எம்.டி. கடிகாரங்களுக்கு, அந்தக் கம்பெனி கனவிலும் கண்டிராத வர்ணங்களில் டயலை மறுபடி அச்சிட்டு விற்கிறார்களே, அதற்கு இது மூத்த சகோதரம்.

மிஷினைப் பார்க்கையில் முதலில் திருகாணிகளின் தலையைப் பாருங்கள். அவற்றின் பிளவு கிழிந்திருந்தால் அவசரக் கைகள் அங்கே புகுந்திருக்கின்றன. ஹேர்ஸ்பிரிங்கில் துருவின் கரும்புள்ளி ஒன்றேயாயினும் விலை குறைய வேண்டும். இரண்டு சுற்று சாவி கொடுத்ததுமே பேலன்ஸ் வீல் தயக்கமின்றிக் கிளம்பி, தள்ளாடாமல் விநாடிக்கு ஐந்து துடிப்பாக ஆட வேண்டும். முகம் மேலாக வைத்தாலும் கீழாகக் கவிழ்த்தாலும் அந்த ஆட்டத்தின் வீச்சு பெரிதும் மாறலாகாது.

மெருகேற்றுபவர்கள் பெரும்பாலும் தொடாத இடம் ஒன்றுண்டு. பின்மூடியின் உட்புறத்தில், பழுதுபார்த்தவர்கள் தங்கள் அடையாளத்தையும் தேதியையும் ஊசிமுனையால் கீறி வைத்தார்கள். என் கடியாரத்தில் அப்படி ஏழு கீறல்கள் உள்ளன. கடைசியானது பாதிதான் படிக்க முடிகிறது, எழுதியவர் கை நடுங்கியிருக்கும் போலிருக்கிறது.