முட்டாளாக இருந்த 'நைஸ்'



"நீங்க ரொம்ப நைஸ்" என்று யாராவது சொன்னால் மனம் குளிரும். 14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சொல்லியிருந்தால் சண்டைதான் வந்திருக்கும்! அன்று 'நைஸ்' என்றால் முட்டாள்.

இதன் வேர், லத்தீன் மொழியின் 'நெஸ்கியுஸ்'. 'நெ' என்றால் இல்லை. 'ஸ்கிரே' என்றால் அறிதல். ஆக, ஒன்றும் அறியாதவர். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இந்தச் சொல், கூச்சம், எதிலும் குறை காணும் குணம், நுணுக்கம் எனப் பல பொருள்களைக் கடந்தது. 18ஆம் நூற்றாண்டில்தான் 'இனிமையான' என்ற பொருள் பரவலானது. பிறகு எதற்கெடுத்தாலும் நைஸ்தான். 'நார்த்தேங்கர் அபே' நாவலில் ஜேன் ஆஸ்டின் இந்தப் பழக்கத்தைக் கேலியே செய்திருக்கிறார்.

நம் வீட்டிலும் 'நைஸ்' உண்டு. இட்லிக்கு உளுந்தை 'நைஸாக' அரைக்கிறோமே, அதில் இருப்பது இனிமை அல்ல, நுண்மை!

தமிழில் ஆங்கில 'நைஸ்' நடந்த பாதைக்கு எதிர்த்திசையில் நடந்த சொல் 'நாற்றம்'. சங்க காலத்தில் அது நறுமணம். இன்றோ மூக்கைப் பொத்துகிறோம்.

மனிதர்களைப் போலவே சொற்களுக்கும் ஏற்றமும் இறக்கமும் உண்டு.