தொழில்வழிச் சிகிச்சையும் நமது கிராமங்களும்

நம் கிராமங்களில் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. ஐம்பது வயதைக் கடந்த உழவர் ஒருவர். நேற்றுவரை மடை மாற்றி, வரப்பு வெட்டி, மாடுகளைப் பேணி வந்தவர். ஒரு நாள் காலையில் பக்கவாதம் தாக்கி, வலக் கையும் வலக் காலும் செயலற்றுப் போகின்றன. மருத்துவமனையில் சேர்க்கின்றனர், உயிர் பிழைக்கிறார், சில வாரங்களில் வீடு திரும்புகிறார். அதன்பின் திண்ணையில் அவருக்கு ஒரு கட்டில் போடப்படுகிறது. மனைவி சோறு ஊட்டுகிறார். மகன் குளிப்பாட்டி வேட்டி கட்டிவிடுகிறார். பேரப் பிள்ளைகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கின்றனர்.

இவை யாவும் அன்பினால் செய்யப்படுவனவே. ஆயினும் ஆறு திங்கள் கழித்துப் பார்த்தால், அவர் ஒரு குவளை நீரைக்கூடத் தாமே எடுத்துக் குடிக்க முற்படுவதில்லை என்பதைக் காண்கிறோம். நோயினால் அவர் இழந்தது ஒரு பங்கு. பழக்கம் விட்டுப்போனதால் இழந்தது மற்றொரு பங்கு. இந்த இரண்டாவது இழப்பு பெரும்பாலும் தடுக்கக்கூடியது. அதைத் தடுப்பதற்கென்றே மருத்துவத் துறையில் ஒரு தனிப் பிரிவினர் பணிபுரிந்து வருகின்றனர். அவர்களே தொழில்வழிச் சிகிச்சையாளர். ஆங்கிலத்தில் ஆக்குப்பேஷனல் தெரபிஸ்ட் என்பர். அவர்கள் யார், அவர்களுடைய கடமைகள் எவை, அவர்களால் நம் ஊருக்கு என்ன பயன் என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் அறிந்துகொள்வது நலம்.

'தொழில்' என்பது எது?

இங்கே 'தொழில்' என்றால் பிழைப்புக்கான வேலை மட்டுமன்று. காலையில் எழுந்து பல் துலக்குவது முதல் இரவு படுக்கை விரிப்பது வரை, மனிதன் தன் நாளில் செய்யும் ஒவ்வொரு செயலும் இதில் அடங்கும். குளித்தல், உடுத்தல், உண்ணல், சமைத்தல், சந்தைக்குச் செல்லல், கோயிலுக்குச் செல்லல், குழந்தைக்குப் படித்தலும் விளையாடலும் ஆகிய யாவும் தொழில்களே. அச்செயல்களையே மருந்தாகக் கொண்டு, அச்செயல்களுக்கே மனிதனைத் திருப்பிக் கொண்டுவருவதுதான் தொழில்வழிச் சிகிச்சை.

இதனை மற்ற மருத்துவப் பணிகளோடு ஒப்பிட்டால் வேற்றுமை தெளிவாகும். மருத்துவர் நோயைக் கண்டறிந்து மருந்தும் அறுவையும் அளிக்கிறார். இயன்முறைச் சிகிச்சையாளர் தசைக்கு வலுவூட்டி, மூட்டுகளை அசையச் செய்து, நிற்கவும் நடக்கவும் பயிற்றுகிறார். தொழில்வழிச் சிகிச்சையாளரோ, "இந்தக் கையால் இவர் நாளை என்ன வேலை செய்யப் போகிறார்?" என்று கேட்கிறார். கை எவ்வளவு தூரம் உயர்கிறது என்பதோடு அவர் நின்றுவிடுவதில்லை. அந்தக் கை சட்டைப் பித்தானைப் போடுகிறதா, சோற்றைப் பிசைகிறதா, அரிவாளைப் பிடிக்கிறதா என்பதே அவருக்குக் கணக்கு. மூவரும் சேர்ந்து பணிபுரிந்தாலன்றி நோயாளி முழுப் பயன் அடைவதில்லை.

கடமைகள்

முதற் கடமை, ஆராய்ந்தறிதல். நோயாளி எதைத் தாமே செய்கிறார், எதைப் பிறர் துணையோடு செய்கிறார், எதை அறவே செய்ய இயலவில்லை என்பதைச் சிகிச்சையாளர் நேரிற் செய்யச் சொல்லிப் பார்க்கிறார். நோய்க்கு முன் அவர் செய்துவந்த வேலை யாது, வீட்டின் அமைப்பு எத்தகையது, கழிப்பிடம் எங்கே உள்ளது, உடனிருந்து உதவுபவர் யார் என்றெல்லாம் கேட்டறிகிறார். நோயாளி எதனை மீண்டும் செய்ய மிகவும் விரும்புகிறார் என்பதையும் கேட்கிறார். இவற்றைக் கொண்டே இலக்கு வகுக்கப்படுகிறது.

இரண்டாவது, அன்றாடச் செயல்களிற் பயிற்சி. பக்கவாதம் உற்றவர் சட்டை அணியும்போது வலுவிழந்த கையை முதலில் நுழைத்தல் வேண்டும். கழற்றும்போது நல்ல கையை முதலில் விடுவித்தல் வேண்டும். இச்சிறு முறையை அறியாத காரணத்தாலேயே பலர் பிறர் கையை எதிர்பார்க்கின்றனர். நல்ல கையே எல்லா வேலையையும் செய்துவிட்டால், வலுவிழந்த கை மறக்கப்பட்டுவிடும். ஆதலால் ஒரு கை பாத்திரத்தைத் துலக்கும்போது மற்றைக் கை அதனை அழுத்திப் பிடித்திருக்கட்டும் என்று பயிற்றுகிறார்கள். வலுவிழந்த கையைப் பிடித்து இழுத்து நோயாளியைத் தூக்கலாகாது என்றும் வீட்டாருக்கு எச்சரிக்கிறார்கள். அவ்வாறு இழுத்தால் தோள் மூட்டு கெட்டு, தீராத வலி உண்டாகும்.

மூன்றாவது, தாங்கு கட்டுகளும் துணைக் கருவிகளும் அமைத்துக் கொடுத்தல். கரும்பு ஆலையிலோ, தீவனம் நறுக்கும் எந்திரத்திலோ கை சிக்கிக் காயமுற்றவருக்கு, அறுவைக்குப் பின் விரல்கள் மடங்கி விறைத்துப் போகாதபடி, சூட்டில் இளகும் பிளாஸ்டிக் தகட்டை அவர் கையின் வடிவிற்கு வளைத்துச் சிகிச்சையாளர் பொருத்துகிறார். இறுகப் பிடிக்க இயலாத கைக்கு, கரண்டி, அரிவாள், களைக்கொத்து ஆகியவற்றின் பிடியைத் துணியோ பழைய சைக்கிள் டியூபோ சுற்றிப் பருமனாக்குகிறார். ஒரு கையால் காய் நறுக்கவேண்டியவருக்குப் பலகை ஒன்றில் துருப்பிடிக்காத ஆணிகள் இரண்டை அடித்துக் காயை அதிற் குத்தி நிறுத்தச் செய்கிறார். இவற்றுட் பலவற்றை ஊர்த் தச்சரும் கொல்லருமே செய்து தரலாம்; பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை.

நான்காவது, இருப்பிடத்தைச் சீர்செய்யும் யோசனை. வழுக்கும் குளியலறைத் தளம், பிடிமானமில்லாக் கழிப்பறை, உயர்ந்த வாசற்படி ஆகியவை நோயாளியை வீட்டுக்குள் சிறை வைத்துவிடுகின்றன. சுவரில் ஒரு கைப்பிடி, குளிக்கும் இடத்தில் ஒரு நாற்காலி, அமர்ந்து பயன்படுத்தும் கழிப்பறை ஆகிய மூன்றும் அமைந்தால் பாதிச் சிக்கல் தீரும்.

ஐந்தாவது, பிழைப்புக்குத் திரும்பச் செய்தல். பனையிலிருந்தோ தென்னையிலிருந்தோ வீழ்ந்து முதுகுத்தண்டு முறிந்தவர் மீண்டும் மரமேற இயலாது. ஆயினும் நாற்றங்கால் பைகளில் விதையிடல், கோழி வளர்ப்பு, தையல், கடை நடத்துதல் முதலிய வேலைகளில் எது அவருக்கும் அவ்வூருக்கும் பொருந்தும் என்று ஆராய்ந்து, அதற்கேற்ற பயிற்சி அளிக்கப்படுகிறது. அவர் படுத்திருக்கையில் இரண்டு மணிக்கு ஒருமுறை புரண்டு படுத்தலும், சக்கர நாற்காலியில் இருக்கையில் கைகளை ஊன்றி உடலை அடிக்கடி உயர்த்திக்கொள்ளுதலும் வேண்டும் என்பதும் இப்பயிற்சியில் அடங்கும். உணர்ச்சியற்ற இடத்தில் உண்டாகும் அழுத்தப் புண் உயிருக்கே ஆபத்தாகும்.

குழந்தைகளுக்கும் மனநோய் உற்றோர்க்கும் இச்சிகிச்சை உண்டு. மூளை முடக்குவாதமுள்ள குழந்தை நிமிர்ந்து அமரத் தக்க இருக்கை அமைத்து, கரண்டி பிடிக்கவும் எழுதுகோல் பிடிக்கவும் பழக்குகிறார்கள். மனநோயிலிருந்து தேறிவருபவருக்கு, காலை முதல் மாலை வரை எந்நேரத்தில் எதைச் செய்வது என்ற ஒழுங்கை வகுத்து, எளிய வேலையில் தொடங்கிப் படிப்படியாகக் கடினமான வேலைக்கு இட்டுச் செல்கிறார்கள்.

வேலூர் காட்டிய வழி

இத்துறை 1917-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சங்கமாக உருப்பெற்றது. நம் நாட்டில், அமெரிக்காவிற் பிறந்து இந்தியாவையே தம் நாடாகக் கொண்ட கமலா நிம்ப்கர் அம்மையார், 1950-ஆம் ஆண்டு பம்பாய் கே.ஈ.எம். மருத்துவமனையில் இதற்கான முதற் பள்ளியைத் தொடங்கினார். 1952-இல் அகில இந்தியச் சங்கம் அமைந்தது. அதே ஆண்டில் உலகச் சம்மேளனத்தைத் தோற்றுவித்த பத்து நாடுகளுள் இந்தியாவும் ஒன்றாக இருந்தது.

நமது மாநிலத்தில் வேலூரில் நடந்த பணி, மருத்துவம் அறுவையோடு முடிவதில்லை என்பதை நன்கு விளக்குகிறது. தொழுநோயினால் விரல்கள் மடங்கிப் போனவர்களுக்கு, டாக்டர் பால் பிராண்டு 1940-களின் இறுதியில் தசைநாண்களை இடம் மாற்றி அமைக்கும் அறுவையைக் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கினார். இடம் மாற்றிய தசை தன் புதிய வேலையைக் கற்றுக்கொள்ளவேண்டும். எனவே அறுவைக்குப் பின் கைக்குப் பயிற்சி இன்றியமையாததாயிற்று. கை நேரான பின்னும் பிழைப்புக்கு வழியின்றேல் பயனில்லை என்று கண்டு, நவஜீவ நிலையம் என்ற இடத்தில் தச்சு வேலை முதலிய தொழில்கள் கற்பிக்கப்பட்டன.

அங்கே தெளிவான மற்றோர் உண்மையும் உண்டு. தொழுநோயாளியின் விரல்களை நோய் அரித்துவிடுவதில்லை. உணர்ச்சியற்ற கையால் சூடான பாத்திரத்தைப் பிடித்தும், கருவியை அளவுக்கு மீறி அழுத்தியும், தெரியாமல் உண்டாகும் காயங்களே விரல்களைக் குறைக்கின்றன. ஆகவே கைகளை நாள்தோறும் கண்ணாற் பார்த்துச் சோதிப்பதும், கைப்பிடிகளுக்குத் துணி சுற்றுவதும் சிகிச்சையின் பகுதிகளாயின.

அக்கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ஆம் ஆண்டு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். அவர் தம் தொழிலைக் கைவிடவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து, 1966-இல் வேலூரில் தொடங்கிய மறுவாழ்வு நிலையத்திற்கு ஆதாரமாக விளங்கினார். 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. கால்கள் செயலற்றவர் என்று அவரைத் திண்ணையில் அமர்த்தியிருந்தால் எத்தனை பேருடைய கைகள் மடங்கியே இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தகுதி பெற்றவரை அறிவது எங்ஙனம்?

இப்பணிக்கு மேனிலைப் பள்ளிக் கல்வியின் பின் நான்காண்டுப் பட்டப் படிப்பும், அதன்மேல் மருத்துவமனைப் பயிற்சியும் உண்டு. உடற்கூறு, நரம்பியல், மனவியல் ஆகியவற்றோடு மரவேலை முதலிய கைத்தொழில்களையும் இத்துறையினர் பயிலுவது வழக்கம். 2021-ஆம் ஆண்டின் தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம் இதனை ஒரு தனித் தொழிலாக ஏற்றுள்ளது. இவர்கள் மருந்து எழுதித் தருவதில்லை. நோயை அறவே நீக்கிவிடுவதாக வாக்களிப்பதுமில்லை. எண்ணெய் தடவிப் பத்து நாளில் பக்கவாதத்தைப் போக்குவதாகக் கூறுவோரிடம் பணத்தையும் காலத்தையும் இழப்பவர்கள் இவ்வேறுபாட்டை உணர்தல் வேண்டும். நோயுற்றதை அடுத்த முதற் சில திங்களே பயிற்சிக்கு மிகச் சிறந்த காலம்.

பஞ்சாயத்தின் பொறுப்பு

இச்சிகிச்சையாளர் எல்லா ஊர்களிலும் இல்லை. பெரும்பாலும் நகரங்களிலுள்ள பெரிய மருத்துவமனைகளிலும் மறுவாழ்வு நிலையங்களிலும் சிறப்புப் பள்ளிகளிலுமே இருக்கின்றனர். ஆகவே ஊருக்கும் அவருக்கும் இடையே பாலமாக நிற்கவேண்டியது பஞ்சாயத்தே. அது செய்யத்தக்கவற்றுள் சில:

முதலாவதாக, ஊரில் செயலிழந்து வீட்டிலிருப்போர் எத்தனை பேர் என்று வார்டுதோறும் கணக்கெடுத்தல். மருத்துவமனையிலிருந்து ஒருவர் திரும்பியதும் அவர் வீட்டாரிடம், "பயிற்சிக்கு எங்கே வரச் சொன்னார்கள்?" என்று வினவுதல். 2021-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் இயன்முறைச் சிகிச்சை வீடு தேடி வர வழி செய்யப்பட்டது; இத்தகைய உதவி எவருக்குத் தேவை என்று சுகாதார ஊழியருக்குத் தெரிவித்தல்.

இரண்டாவதாக, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் வாயிலாக அடையாள அட்டையும் துணைக் கருவிகளும் கிடைக்க வழிகாட்டுதல். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுள்ளது. தொழுநோயிலிருந்து குணமானவர்களும், நீங்காத மனநோய் உடையவர்களும் அதில் அடங்குவர். 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளோர்க்கு, வறுமை ஒழிப்புத் திட்டங்களில் 5 சதவீத ஒதுக்கீடும் உண்டு. கேட்பாரின்றி இவ்வுரிமைகள் வீணாகலாகாது.

மூன்றாவதாக, பஞ்சாயத்து அலுவலகம், நியாய விலைக் கடை, பள்ளி, பொதுக் கழிப்பிடம் ஆகியவற்றிற் சாய்தளம் அமைத்தல். படி 1 அடி உயரமானால் சாய்தளம் 12 அடி நீளம் இருத்தல் வேண்டும். செங்குத்தாகக் கட்டிய சாய்தளம் கண்ணுக்கு மட்டுமே உதவும். அதில் சக்கர நாற்காலி ஏறாது. கதவு 3 அடி அகலமேனும் இருக்கட்டும். கட்டுமுன் இவற்றைக் கவனித்தால் செலவு சிறிது. கட்டியபின் இடித்து மாற்றுவதே பெருஞ்செலவு.

வீட்டாருக்கும் நாம் கூறுவது ஒன்று உண்டு. நோயாளிக்குச் சோறு ஊட்டுவது இரண்டு நிமிட வேலை. அவரே உண்ணும்படி விட்டால் அரை மணி ஆகும், சோறும் சிந்தும். அந்த அரை மணியைப் பொறுத்துக்கொள்வதே உண்மையான உதவி. சிந்திய சோற்றைக் கூட்டித் தள்ளிவிடலாம். மறந்துபோன கையை மீட்பது அரிது.

ஓர் ஊரின் அபிவிருத்தி சாலையாலும் கிணற்றாலும் மட்டும் அளக்கப்படுவதன்று. வேலை செய்ய விரும்பும் கை எதுவும் வீணே மடியில் கிடக்கவில்லை என்பதும் அதன் அளவுகோலே. அடுத்த கிராம சபை கூடும்போது, நம் ஊர்த் திண்ணைகளில் அமர்ந்திருப்போரைப் பற்றியும் ஒரு தீர்மானம் இடம்பெறட்டும். அவர்களுள் ஒருவரேனும் மீண்டும் தம் வேலைக்குத் திரும்புவாராயின், அதுவே அவ்வாண்டின் நற்பணியாகும்.