பழகியது பிள்ளையா, பற்றீரியாவா?

அம்பிட்டியவில் வாழும் நான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்குத் தடிமனைத் தொடர்ந்து காது குத்துகிறது என வைத்துக்கொள்வோம். சென்ற முறை மிஞ்சிய அமொக்சிசிலின் பாணி மருந்தை அம்மா கொடுக்கிறார். நோவு குறையவில்லை. “பிள்ளைக்கு மருந்து பழகிவிட்டது” என்கிறார். இக்கூற்று சரியானதா?

நோய் உண்டாகும் விதம்
நடுச்செவியைத் தொண்டையுடன் இணைப்பது ஊத்தேக்கியாவின் குழாய் ஆகும். சிறுபிள்ளைகளில் இது நீளம் குறைந்தது, கிடையாக அமைந்தது. தடிமனின்போது இக்குழாய் அடைபட்டால் நடுச்செவியில் திரவம் தேங்கும். தொண்டையிலுள்ள நியுமோகொக்கசு, ஹீமோபிலசு முதலிய பற்றீரியாக்கள் அங்கு சென்று பெருகலாம்.

எதிர்ப்பின் வழிகள்
அமொக்சிசிலின் பெனிசிலின் வகையைச் சேர்ந்த நுண்ணுயிர்கொல்லியாகும். இது பற்றீரியாவின் கலச்சுவர் ஆக்கத்தைத் தடுக்கிறது. இதிலிருந்து பற்றீரியாக்கள் இரு வழிகளில் தப்புகின்றன.
1. ஹீமோபிலசின் சில வகைகள் மருந்தைச் சிதைக்கும் நொதியத்தைச் சுரக்கின்றன.
2. நியுமோகொக்கசின் சில வகைகளில் மருந்து இணையும் புரதம் மாற்றமடைந்துள்ளது. எனவே மருந்து இறுகப் பிணைவதில்லை.

இயற்கைத் தேர்வு
இவ்வியல்புகள் விகாரத்தினாலோ வேறு பற்றீரியாவிலிருந்து பெற்ற பரம்பரையலகினாலோ தோன்றுகின்றன. மருந்து கொடுக்கும்போது உணர்திறனுள்ளவை இறக்கும். எதிர்ப்புள்ளவை எஞ்சிப் பெருகும். எனவே பழகியது பிள்ளையின் உடல் அன்று; மாறியது பற்றீரியாக் குடித்தொகையே.

1996–1997 இல் ஆசிய நாடுகள் பலவற்றில் நடத்தப்பட்ட ஆய்வில், இலங்கையில் பெறப்பட்ட நியுமோகொக்கசு மாதிரிகளில் ஏறத்தாழ 41% பெனிசிலினுக்கு முழுமையான உணர்திறன் அற்றவையாகக் காணப்பட்டன.

நாம் செய்ய வேண்டியவை
• தடிமன் வைரசினால் ஏற்படுவது. அதற்கு நுண்ணுயிர்கொல்லி பயன்தராது. ஆனால் தொண்டையிலுள்ள பற்றீரியாக்களில் எதிர்ப்புள்ளவை பெருக வழிவகுக்கும்.
• மிஞ்சிய மருந்தைக் கொடுத்தலாகாது. நீரில் கரைத்த பாணி மருந்து சில நாட்களில் வலுவிழக்கும்.
• செவித்தொற்றுகள் பல தாமாகவே குணமடைவதால், வைத்தியர் சிலவேளை மருந்து கொடாது அவதானிப்பார். மருந்து தந்தால் அவர் கூறிய அளவிலும் காலத்திலும் கொடுக்க வேண்டும்.

பரீட்சைக் குறிப்பு
வினா: “நுண்ணுயிர்கொல்லி பற்றீரியாவில் எதிர்ப்பை உண்டாக்குகிறது.” இக்கூற்றைத் திருத்தி எழுதுக.
விடை: நுண்ணுயிர்கொல்லி, குடித்தொகையில் ஏற்கெனவே எதிர்ப்புள்ள பற்றீரியாக்கள் தப்பிப் பெருக இடமளிக்கிறது.