ஐந்து ஆண்டுகள், நான்கு பருவங்கள்: ஒரு கல்லூரி வீரரின் கணக்கேடு

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் பிரிவில், முழுநேர மாணவராகச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வீரருக்கு 5 ஆண்டுகள். அதற்குள் அவர் ஆடக்கூடியவை 4 பருவங்கள். மிஞ்சும் 1 ஆண்டுதான் அவர் கையிருப்பு. அடிபட்டாலும் சரி, பயிற்சியாளர் உட்கார வைத்தாலும் சரி, அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். 2024-25 கல்வியாண்டின் விதிகளை வைத்து இந்தக் கணக்கை எழுதிப் பார்க்கலாம்.

காயத்தின் பக்கம்

அடிபட்ட பருவம் கணக்கில் ஏறாமலிருக்க 3 நிபந்தனைகள். காயம் பருவத்தின் முதல் பாதியில் பட்டிருக்க வேண்டும். அந்தப் பருவத்தில் இனி ஆட முடியாது என்பதற்கு மருத்துவச் சான்று வேண்டும். ஆடிய ஆட்டங்கள் 3, அல்லது பருவத்தின் 30%, இதில் எது அதிகமோ அதைத் தாண்டியிருக்கக் கூடாது.

30 ஆட்டங்கள் உள்ள கூடைப்பந்துப் பருவம், ஓர் ஆட்டமும் விடாமல் ஆடியவர்:

- 9-ஆவது ஆட்டத்தில் முழங்கால் தசைநார் அறுந்தால்: இழப்பு 21 ஆட்டங்கள், பருவம் திரும்பும்.
- 10-ஆவது ஆட்டத்தில் அறுந்தால்: இழப்பு 20 ஆட்டங்கள், பருவம் திரும்பாது.

வலியும் அறுவை சிகிச்சையும் இருவருக்கும் ஒன்றே. ஒரே ஓர் ஆட்டம் ஒரு பருவத்தின் விலையாகிவிடுகிறது. திரும்பினாலும் 5 ஆண்டுக் கெடு தானாக நீள்வதில்லை. 6-ஆவது ஆண்டு வேண்டுமென்றால், தன் கையில் இல்லாத காரணங்களால் 2 பருவங்கள் போனதைக் காட்டித் தனியே விண்ணப்பிக்க வேண்டும்.

அந்தப் பாதை எவ்வளவு நீளும் என்பதற்கு அமெரிக்கக் கால்பந்து வீரர் கேம் மெக்கார்மிக்கின் ஏடு:

- 2016, ஒரேகான்: களமிறங்காத ஆண்டு, 1
- 2017, ஒரேகான்: ஆடிய பருவம், 1
- 2018 முதல் 2021 வரை, ஒரேகான்: காயங்களால் இழந்தவை, 4
- 2022, ஒரேகான்: ஆடிய பருவம், 1
- 2023, 2024, மயாமி: ஆடிய பருவங்கள், 2

மொத்தம் 9 ஆண்டுகள். ஆடிய பருவங்கள் 4 மட்டுமே. அவர் சலுகையாக ஒரு பருவமும் கூடுதலாகப் பெறவில்லை. எல்லோருக்கும் உரிய நான்கைப் பெறவே ஒன்பது ஆண்டுகள் ஆயின.

மாற்றத்தின் பக்கம்

முன்பு அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து போன்ற சில விளையாட்டுகளில் கல்லூரி மாறியவர் 1 ஆண்டு உட்கார வேண்டும். 2018 அக்டோபர் 15-இல், கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயரைப் பதியும் 'டிரான்ஸ்பர் போர்ட்டல்' என்ற இணையத் தளம் திறந்தது. 2021-இல் ஒருமுறை மாறினால் உடனே ஆடலாம் என்றானது. 2023 டிசம்பரில் 7 மாநிலங்கள் தொடுத்த வழக்கில் மீண்டும் மாறுபவரை உட்கார வைக்கும் விதிக்கு மேற்கு வர்ஜீனியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் தடை விதித்தது. 2024 ஏப்ரலில், படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்று விதியே மாறியது. உட்காரும் ஆண்டு 1-லிருந்து 0.

நல்ல மாற்றம். ஆனால் அந்தப் 'படிப்புத் தகுதி' என்ற சொல்லுக்குள் இன்னொரு கணக்கு இருக்கிறது. பட்டத்துக்கு வேண்டிய கிரெடிட்டுகளில், அதாவது பாட அலகுகளில், 2-ஆம் ஆண்டு முடிவில் 40%, 3-ஆம் ஆண்டில் 60%, 4-ஆம் ஆண்டில் 80% முடித்திருக்க வேண்டும். 120 கிரெடிட் பட்டமென்றால் 48, 72, 96.

கல்லூரி மாறும்போது பழைய கிரெடிட் எல்லாம் கூடவே வருவதில்லை. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய அமெரிக்க மாணவர்கள் சராசரியாக 43% கிரெடிட்டுகளை இழந்தார்கள் என்று அந்நாட்டு அரசின் தணிக்கை அலுவலகம் 2017-இல் மதிப்பிட்டது. அது வீரர்களுக்கு மட்டுமான எண் அல்ல. எல்லா மாணவர்களுக்குமான சராசரி. இருந்தும் ஒரு 3-ஆம் ஆண்டு வீரருக்குப் பொருத்திப் பாருங்கள்:

- கையிலிருந்தது: 72
- இழப்பு: 31
- மிச்சம்: 41, அதாவது பட்டத்தின் 34%
- வேண்டியது: 60%

விளையாட ஓர் ஆண்டு மிச்சம். படிப்பில் ஓர் ஆண்டுக்கு மேல் நட்டம்.

நிலுவை

காயத்துக்கு, 9-க்கும் 10-க்கும் நடுவே கோடு கிழிக்காமல், இழந்த ஆட்டங்களை எண்ணிப் பருவத்தைத் திருப்பித் தர வேண்டும். மாற்றத்துக்கு, 72-இல் எத்தனை செல்லும் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே புதிய கல்லூரி எழுத்தில் தர வேண்டும். 2025-26 கல்வியாண்டில் வீரர்களுக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை பகிர்ந்தளிக்க ஒரு கல்லூரிக்கு அனுமதி தரப்பட்டது. அந்தக் கணக்கை எழுதத் தெரிந்த அலுவலகத்துக்கு, ஒரு மாணவரின் கிரெடிட்டை எண்ணித் தருவது அரை நாள் வேலை.