மத்தி எப்போது வரும்? மீன்பாடு தடுமாறும் காரணங்களும் மீனவர் உரிமைகளும்

மத்தி மழையோடு பிறக்கும் மீன். தென்மேற்குப் பருவமழை கேரளக் கரையில் கொட்டும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அது முட்டையிடுகிறது. மழை ஓயும்போது குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகக் கரையோரம் வந்து சேர்கின்றன. ஒரு மழையில் பிறந்தது அடுத்த மழைக்குள் தானும் முட்டையிடும் பருவத்தை எட்டிவிடும். ஆயுள் இரண்டரை ஆண்டு, மிஞ்சினால் மூன்று. குமரிக் கரையில் இதற்குச் சாளை என்று பெயர். நெய்ச்சாளை, பேச்சாளை என்றும் வழங்கும். நல்ல பருவத்தில் பிடித்த சாளையின் வயிற்றைக் கீறினால் குடலைச் சுற்றிக் கொழுப்பு படிந்திருக்கும், கத்தி வழுக்கும். சட்டியில் போட்டால் பாதி தன் எண்ணெயிலேயே வெந்துவிடும். இரை கிடைக்காத ஆண்டில் அதே மீன் உடம்பு ஒட்டி, தலை மட்டும் பெருத்து, முள்ளும் தோலுமாக வரும். கடலில் அந்த ஆண்டு என்ன நடந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கரையில் கிடைப்பதில்லை.

2012இல் கேரளத்தில் மட்டும் கிட்டத்தட்ட 4 லட்சம் டன் மத்தி கரையேறியது. 2021இல் அது 3,297 டன். அதாவது நூறு கூடை வந்த துறையில் ஒரு கூடைகூட முழுதாக வரவில்லை. பிறகு வரத்து மீண்டு, 2024இல் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் டன்னைத் தொட்டது. மீண்டது என்று மகிழ்வதற்குள் இன்னொரு சிக்கல் எழுந்தது. வந்ததில் பெரும்பகுதி பொடி மீன். திருவனந்தபுரம் முதல் எர்ணாகுளம் வரை அது மலையாகக் குவிந்தபோது, மலப்புறத்துக்கு வடக்கே வலைகள் வெறுமையாகத் திரும்பின. அந்த ஆண்டின் நடுவில் கிலோ 350 ரூபாய்க்கு மேல் விற்ற மத்தி, பிற்பகுதியில் துறைமுகத்தில் 20, 30 ரூபாய்க்கு இறங்கியது. மீன்பாடு இல்லாத ஆண்டிலும் நட்டம், மீன்பாடு கொட்டிய ஆண்டிலும் நட்டம்.

மத்தி இப்படி ஏறி இறங்குவது புதிதல்ல. 1940களில் மலபார் கரையில் வரத்து சரிந்தபோது, அன்று அப்பகுதியை ஆண்ட சென்னை மாகாண அரசு 1943இல் சிறு மத்தி பிடிப்பதற்கும் சில வகை வலைகளுக்கும் கட்டுப்பாடு விதித்தது. நடைமுறைப்படுத்த முடியாமல் சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது. 1994இலும் ஒரு பெரும் சரிவு உண்டு. ஆகவே ஓர் ஆண்டு வரத்து குறைந்ததும் ‘கடல் செத்துவிட்டது’ என்பதும், அடுத்த ஆண்டு பெருகியதும் ‘எல்லாம் சரியாகிவிட்டது’ என்பதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள். இயற்கையான ஏற்ற இறக்கத்தின் மேல் இப்போது வேறு இரண்டு சுமைகள் ஏறியிருக்கின்றன என்பதே பார்க்க வேண்டியது. ஒன்று கடலின் சூடு. மற்றது மடியின் கண், அதாவது இழுவை வலையின் துளையளவு.

முதலில் சூடு. பருவக்காற்று வலுத்து வீசும்போது கேரள, கர்நாடகக் கரையோரத்தின் மேல்நீர் விலகி, ஆழத்திலிருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் மேலே வருகிறது. அந்தச் சத்தில் நுண்பாசிகள் பெருகுகின்றன. அவைதான் மத்திக் குஞ்சின் முதல் தீனி. காற்று முந்தினாலோ பிந்தினாலோ, மேல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறி அடிநீரோடு கலக்காமல் நின்றாலோ, முட்டை பொரியும் நேரமும் தீனி பெருகும் நேரமும் தவறிப்போகும். பிறந்த குஞ்சு பட்டினி கிடக்கும். அடிநீர் அளவுக்கு மேல் ஏறிவந்தாலும் ஆபத்துதான். அந்த நீரில் பிராணவாயு குறைவு. வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951க்கும் 2015க்கும் இடையே சராசரியாக 1 டிகிரி செல்சியஸ் சூடேறியதாக மத்தியப் புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020ஆம் ஆண்டு மதிப்பீடு கூறுகிறது. ஒரு டிகிரி மனிதருக்குத் தெரியாது. உடல் வெப்பத்தை நீரிடமே விட்டுவிட்ட மீனுக்கு அது ஊரை மாற்றச் சொல்லும் அளவு. பசிபிக் கடல் சூடேறும் எல்நினோவின் 2015-16 காலத்தோடு மத்தியின் சரிவைக் கொச்சியிலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடர்புபடுத்தியது.

மீன்கள் உண்மையிலேயே ஊர் மாற்றியிருக்கின்றன. ஒரு காலத்தில் மேற்குக் கரையின் தென்பகுதிக்கே உரியதாக இருந்த நெய்ச்சாளை, 1990களிலிருந்து தமிழ்நாட்டுக் கரையிலும் ஆந்திரக் கரையிலும் பெருமளவில் கிடைக்கத் தொடங்கியது. மேல்மட்டத்தில் திரியும் அயிலை, அதாவது கானாங்கெளுத்தி, அடியில் போகும் இழுவைமடியில் கூடுதலாகச் சிக்குகிறது; சூட்டுக்குத் தப்பி ஆழம் இறங்குகிறது என்பது ஆய்வாளர் கணிப்பு. இவற்றைவிடக் கவனிக்க வேண்டியது சென்னைக் கடலின் சங்கரா மீன். 1981 முதல் 2004 வரையிலான பதிவுகளை ஒப்பிட்டதில், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான வெப்ப மாதங்களில் முட்டையிடும் சங்கராக்களின் பங்கு குறைந்து, அக்டோபர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில் கூடியிருந்தது. மீன் தன் பேறுகாலத்தையே தள்ளிவைத்திருக்கிறது.

இரண்டாவது சுமை, மடியின் கண். ராமநாதபுரம் கரையில் ‘சங்காயம்’ என்று ஒரு சொல் உண்டு. ஏலத்துக்குத் தகுதியில்லாத பொடி மீன், குஞ்சு நண்டு, சிப்பி, சிதைந்தது, தெரியாதது எல்லாம் சேர்ந்த குவியல் அது. இழுவைமடியை உதறியதும் இறால், கணவாய், பெருமீன் ஆகியவை தனித்தனிக் கூடைக்குப் போகும்; மிச்சத்தை மண்வாரியால் அள்ளிப் பெட்டியில் கொட்டுவார்கள். அதைக் கிளறிப் பார்த்தால் விரல் நீளச் சங்கராவும் வளராத காரலும் நெத்திலியும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். அடுத்த ஆண்டு ஏலத்துக்கு வரவேண்டிய மீன்கள் அவை. கருவாட்டுக்கும் ஆகாத இந்தக் குவியல் மீன்மாவு ஆலைக்கும் கோழித்தீவனத்துக்கும் போகிறது. முன்பு கடலிலேயே கொட்டிவிட்டு வந்ததற்கு இன்று ஒரு விலை கிடைக்கிறது. அந்த விலைதான் சிறுகண் மடியை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

சூடும் சிறுகண்ணும் தனித்தனியே வந்தால் மீன்வளம் ஓரளவு தாங்கும்; சேர்ந்து வந்தால் தாங்காது. உலக உணவு, வேளாண்மை அமைப்பின் கணக்கில் உலகக் கடல் மீன் இருப்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அளவு மீறிப் பிடிக்கப்பட்டவை. அந்த இருப்புகளில் வயதான பெரிய மீன்கள் முதலில் போய்விடுகின்றன. ஓராண்டுக் குஞ்சு மட்டுமே மிஞ்சியிருக்கும் கூட்டத்தில், ஒரே ஒரு பருவமழை பொய்த்தாலும் முட்டையிட ஆள் இருக்காது. இரண்டு, மூன்று வயது மீன்களும் கலந்திருந்தால் ஒரு கெட்ட ஆண்டைக் கடந்துவிடலாம். பருவநிலை மாற்றத்தின் மீது முழுப் பழியையும் போடுவது பலருக்கு வசதியாக இருக்கிறது. சூட்டைக் குறைப்பது எந்தத் துறைமுகத்தின் கையிலும் இல்லை. மடிக்கண்ணை அகட்டுவது கையில் இருக்கிறது.

சட்டம் இதற்கு என்ன சொல்கிறது? தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் வந்தது. அதன் கீழுள்ள விதிகளின்படி விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்கு, அதாவது 9 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவுக்கு, அப்பால்தான் தொழில் செய்ய வேண்டும். உள்ளே நாட்டுப்படகுக்கே இடம். இழுவைமடியில் மீன் சேரும் கடைமடியின் கண்ணளவு 40 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. இரு படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டைமடிக்குத் தடை உண்டு. மீன் கூட்டத்தை வளைத்து அடியைச் சுருக்கிப் பிடிக்கும் சுருக்குமடிக்கு 2000 முதல் தமிழகக் கடல் எல்லைக்குள் தடை. 12 கடல் மைலுக்கு அப்பால் திங்கள், வியாழன் ஆகிய இரு நாள் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை, நிபந்தனைகளோடு அதைப் பயன்படுத்த உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் இடைக்கால அனுமதி அளித்தது. பாக் நீரிணையில் வாரத்துக்கு மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்ற முறை இருக்கிறது. எதிர்க்கரையில் இலங்கை 2017இல் அடிமட்ட இழுவை மீன்பிடிப்பையே சட்டத்தால் தடைசெய்துவிட்டது. யாழ்ப்பாண, மன்னார்ச் சிறுதொழில் மீனவர்கள் தமிழக இழுவைப் படகுகள் மீது வைக்கும் குற்றச்சாட்டும், நாகை, ராமநாதபுர நாட்டுப்படகு மீனவர்கள் வைக்கும் குற்றச்சாட்டும் சொல்லுக்குச் சொல் ஒன்றுதான்.

கேரளம் ஒரு படி முன்னே போனது. 2015இல் 14 வகை மீன்களுக்குக் குறைந்தபட்சப் பிடி நீளத்தை அறிவித்து, பின்னர் 58 வகையாக விரித்தது. மத்திக்கு 10 சென்டிமீட்டர். விரல்களைச் சேர்த்து வைத்த உள்ளங்கையின் அகலத்தைத் தாண்டாத மத்தி பிடிக்கக்கூடாததே என்று வாங்குபவரும் கண்ணாலேயே கணிக்கலாம். ஆனால் மத்தி முதன்முதலில் முட்டையிடுவது ஏறக்குறைய 15 சென்டிமீட்டரில். 10க்கும் 15க்கும் இடைப்பட்ட மீன் சட்டப்படி பிடிக்கத் தக்கது, இயற்கைப்படி இன்னும் குழந்தை. சட்டம் வைத்திருப்பது கடைசி எல்லைதான். அது போதுமான பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

தடைக்காலத்தின் கதை இன்னும் சிக்கலானது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. 2001இல் 45 நாளாகத் தொடங்கியது இது. குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதிக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மேற்கில் இந்த நாள்கள் மத்தியின் பேறுகாலத்தில் பாதிக்கு மேல் மூடுகின்றன. கிழக்கிலோ, சங்கரா போன்றவை முட்டையிடும் மாதங்களைக் குளிர்காலத்துக்கு நகர்த்துமானால், தடை இருக்கும்போது மீன் முட்டையிடாது, மீன் முட்டையிடும்போது தடை இருக்காது. தடைக்காலத்தை வடகிழக்குப் பருவமழை மாதங்களுக்கு மாற்றக் கோரும் மீனவர் குரல் தமிழகத்தில் பல ஆண்டுகளாக உண்டு. அதைத் தொழில் சலுகைக்கான கோரிக்கை என்று தள்ளுவது சரியல்ல. அதேபோல எல்லா மீனுக்கும் ஒரே புதிய தேதி பொருந்திவிடும் என்பதும் சரியல்ல. ஒவ்வொரு வகைக்கும் முட்டையிடும் மாதத்தைப் புதிதாகக் கணித்த பின்பே தேதியைத் தொட வேண்டும்.

பணப் பாதுகாப்பில் இருப்பது என்ன, இல்லாதது என்ன? தமிழ்நாட்டில் தடைக்கால நிவாரணமாகக் குடும்பத்துக்கு 8,000 ரூபாயும், மீன்பிடிப்பு குறைந்த மழைமாதங்களுக்குச் சிறப்பு உதவியாக 6,000 ரூபாயும் தரப்படுகிறது. சேமிப்பு-நிவாரணத் திட்டத்தில் மீனவர் 1,500 ரூபாய் சேமித்தால் மாநில, மத்திய அரசுகள் தலைக்கு 1,500 சேர்த்து 4,500 ஆகத் திருப்பித் தருகின்றன. மீனவ மகளிருக்குத் தனிச் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ குழுக் காப்பீட்டில் 5 லட்சம், பகுதி ஊனத்துக்கு இரண்டரை லட்சம். இந்தத் தொகைகள் அரசாணைகளால் மாறக்கூடியவை. புயலில் படகு உடைந்தாலும் வலை போனாலும் பேரிடர் நிவாரண நிதியில் வழி உண்டு.

மீன் வராமல் போனால் மட்டும் எந்த வழியும் இல்லை. வயல் காய்ந்தால் விவசாயிக்குப் பயிர்க் காப்பீடு உண்டு. கடல் காய்ந்தால் கணக்கே இல்லை. 2021இல் மத்தி நூறில் ஒன்றாகச் சுருங்கியபோது அது பேரிடராகப் பதிவாகவில்லை, சந்தை நிலவரமாகவே போயிற்று. தலைச்சுமையாகவும் அன்னக்கூடையிலும் மீன் விற்கும் பெண்களின் இழப்பு இன்னும் மறைவானது. படகுக்குப் பதிவு எண் உண்டு, கூடைக்கு இல்லை. அதனால் மீனவர் நல வாரியத்திலும் கூட்டுறவுச் சங்கத்திலும் பெண்கள் தம் பெயரிலேயே உறுப்பினராகப் பதிவுசெய்துகொள்வது முக்கியம். கணவரின் அட்டையில் பெயர் இருப்பது தனி உரிமையாகாது.

மீன் தள்ளிப்போவதால் ஆபத்தும் கூடுகிறது. கரையோரம் கிடைத்ததைத் தேடிச் சிறு பைபர் படகுகளும் ஆழ்கடலுக்கு நகர்கின்றன; அரபிக்கடலிலோ புயல்கள் பெருகி வருகின்றன. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் குமரிக் கரையைத் தாக்கியபோது பலியானவர்களில் பலர் பல நாள் தங்கலுக்குத் தொலைவில் போயிருந்தவர்கள். ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் மையம் அலை, காற்று எச்சரிக்கையோடு மீன் கூடக்கூடிய இடங்களையும் செயற்கைக்கோள் தரவிலிருந்து கணித்து வெளியிடுகிறது. தேடலில் வீணாகும் டீசலை இது மிச்சப்படுத்துகிறது. கடலில் சிக்கினால் கடலோரக் காவல்படையை 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தை 1093 என்ற எண்களில் அழைக்கலாம்.

5 கடல் மைலுக்குள் விசைப்படகு வந்தாலோ, தடைசெய்த மடி இழுத்தாலோ புகார் தரும் இடம் அந்தந்தப் பகுதியின் மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகம். வாய்மொழிப் புகார் அங்கேயே கரைந்துவிடும். நாள், நேரம், ஜிபிஎஸ் புள்ளி, படகின் பதிவு எண், முடிந்தால் கைப்பேசிப் படம் ஆகியவற்றோடு எழுத்தில் கொடுத்து, ஒப்புகை பெற வேண்டும். பலன் இல்லையென்றால் ஆட்சியர் நடத்தும் மீனவர் குறைதீர் கூட்டத்தில் அதே ஒப்புகையை இணைத்து மனு அளிக்கலாம். எடுத்த நடவடிக்கை என்ன, எத்தனை படகுகளின் உரிமம் நிறுத்தப்பட்டது என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 30 நாளில் கேட்டுப் பெறலாம். நாட்டுப்படகு வலை இழுவைப் படகால் அறுபட்டால், மிஞ்சிய வலையைக் கரைக்கு வந்ததும் தைத்துவிடாமல், முதலில் படம் எடுத்து, சங்கத்திலும் அலுவலகத்திலும் காட்டிப் பதிந்த பிறகே ஊசியை எடுக்க வேண்டும்.